பழைய சிடியைத் தேடி வாங்குவதா, டவுன்லோடு போதுமா? (டிஜே வேலைக்கு)

உறையூர்_பீட்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக ஒரு அண்ணனுக்கு உதவியாளாகப் போய்க்கொண்டிருந்தேன். வயர் சுற்றுவது, ஸ்பீக்கர் தூக்குவது, அவர் சாப்பிடப் போகும்போது பத்து நிமிடம் கன்சோலில் நிற்பது, அவ்வளவுதான் வேலை. இப்போது செகண்ட் ஹேண்டில், லேப்டாப்போடு இணைத்து வாசிக்கிற ஒரு எஃப்எல்எக்ஸ்4 கன்ட்ரோலர் வாங்கி, ரிசப்ஷன், காலேஜ் ஃபங்ஷன் என்று தனியாகப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறேன். பாட்டுதான் தலைவலி. அண்ணன் கொடுத்த பென்டிரைவில் நாலாயிரம் பாட்டு இருக்கிறது. ஒரே பாட்டு மூன்று பெயரில் இருக்கும், ஒன்று காதில் குத்தும், இன்னொன்று கிணற்றுக்குள்ளிருந்து வரும். வீட்டில் ஹெட்போனில் பரவாயில்லை என்று தோன்றுவது, மண்டபத்தில் 18 இன்ச் பாஸ் இரண்டு வைத்துப் போட்டால் அசிங்கமாக இருக்கிறது.

என் மாமா ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் 60, 90 கேசட்டில் பதிந்து கொடுப்பார்களே, அது. பிறகு சிடி விற்றார், பிறகு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார், கடைசியில் அதே கடையில் ஜெராக்ஸ் மெஷின் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் வீட்டுப் பரணில் மூன்று அட்டைப்பெட்டி நிறைய சிடி கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போடா என்கிறார். என் லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது. அதற்கு ஒரு யுஎஸ்பி டிரைவ் வாங்கி, ஒவ்வொன்றாக ஏற்றி உட்கார்ந்திருப்பதற்கு அந்த நேரத்தில் நல்ல தரத்தில் டவுன்லோடு செய்துவிடலாமே என்று நண்பன் சொல்கிறான். பிரீமியம் ஆப் இருந்தால் டவுன்லோடு பட்டனே இருக்கிறது, எதற்குடா பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்கிறான். பெங்களூரில் பப்பில் வாசிக்கிற இன்னொருவரோ, வாங்கினால் வினைல் ரெக்கார்டு வாங்கு, இல்லையென்றால் டிஜே என்று சொல்லிக்கொள்ளாதே என்கிறார்.

மாதம் 2,000 ரூபாய் பாட்டுக்கு என்று ஒதுக்க முடியும். எதில் போடுவது? 80கள், 90கள் தமிழ்ப் பாட்டும் வேண்டும், நடுவே ஹவுஸ், ஆஃப்ரோ மாதிரி கிளப் டான்ஸ் இசை கொஞ்சமும் வேண்டும்.


பந்தல்_டிஜே:

தம்பி, முதலில் அந்த மூன்று பெட்டியையும் இன்றைக்கே எடுத்துக்கொண்டு வந்துவிடு. அடுத்த பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். அப்புறம் பேசலாம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது சிடிதான். இரண்டு சிடி பிளேயர், நடுவில் மிக்சர், தோளில் இரண்டு பெரிய சிடி பை. கல்யாணத்துக்கு 300 சிடி தூக்கிப் போவேன். மாப்பிள்ளையின் நண்பன் மேடைக்கு வந்து ஒரு பாட்டுக் கேட்பான், அது எந்தப் பையில் எந்த உறையில் இருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேடுவதற்குள் ஓடுகிற பாட்டு முடிந்துவிடும். சிடியில் கீறல் விழுந்தால் அது எங்கே மாட்டும் தெரியுமா, எல்லோரும் கை தூக்கி ஆடுகிற இடத்தில்தான் மாட்டும். சிடிஜே என்கிற டிஜே பிளேயர்களில் எமர்ஜென்சி லூப் என்று ஒன்று உண்டு, பாட்டு நின்றுபோகாமல் கடைசியாகப் படித்ததையே சுற்றிச் சுற்றி ஓட்டும். அது எத்தனை தடவை என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். அதனால் மேடையில் தட்டு வைத்து வாசி என்று உனக்கு நான் சொல்லவே மாட்டேன். அந்த மெஷின்களே போய்விட்டன. 2020-இல் வந்த சிடிஜே-3000-இல் சிடி போடும் வாயே இல்லை, பெயரில் மட்டும்தான் சிடி இருக்கிறது.

ஆனால் சிடியில் வாசிப்பது வேறு, சிடியிலிருந்து பாட்டை எடுத்துக்கொள்வது வேறு. இரண்டையும் உன் நண்பன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறான்.

அதேபோல் டவுன்லோடு என்பதும் ஒன்றல்ல. ஆப்பில் இருக்கிற டவுன்லோடு பட்டன் உனக்குப் பாட்டைக் கொடுப்பதில்லை, அந்த ஆப்புக்குள்ளே மட்டும் திறக்கிற ஒரு பூட்டிய பெட்டியைக் கொடுக்கிறது. அதை ரெக்கார்ட்பாக்ஸ் மாதிரி டிஜே மென்பொருளில் இழுத்துப் போட முடியாது, பென்டிரைவில் ஏற்ற முடியாது, சந்தா முடிந்தால் அதுவும் முடிந்தது. சில சேவைகளை டிஜே மென்பொருளோடு நேரடியாக இணைக்கலாம், உண்மைதான். ஆனால் அதை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று 2020-இலேயே பார்த்தோமே. அந்த ஜூலையில் ஸ்பாட்டிஃபை டிஜே மென்பொருள்களை விட்டு மொத்தமாக விலகியது. அதை வைத்தே பிளேலிஸ்ட் கட்டியிருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2025-இல் திரும்ப வந்தது, சரி, நடுவில் ஐந்து வருடக் கல்யாணத்துக்கு யார் பதில் சொல்வது? மண்டபத்து உள்ளே நெட் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், சமையற்கட்டுப் பக்கம் போனால்தான் இரண்டு கோடு வரும்.

இன்னொரு வகை டவுன்லோடு, அதைத்தான் உன் பென்டிரைவ் முழுக்க வைத்திருக்கிறாய். ஓசித் தளங்களில் எடுத்தது. என் கதையைச் சொல்கிறேன். ஒரு ரிசப்ஷன், பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வருகிறார்கள், புகை மெஷின் ஓடுகிறது, கேமராமேன் பின்னாலேயே நடந்து வருகிறார், முந்தின நாள் அவசரத்தில் எடுத்த ஒரு பாட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பல்லவி முடிந்து இசை ஏறுகிற இடத்தில், கணீரென்று ஒரு பெண் குரல் அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி, டாட் காம் என்றது. மொத்த மண்டபமும் சிரித்தது. வீடியோவிலும் அது இருக்கிறது, எடிட்டரிடம் கெஞ்சியும் பயனில்லை, லைவ் ஆடியோ என்றார். பெண்ணின் அப்பா பாக்கிப் பணத்தைக் கொடுக்கும்போது, டாட் காம் தம்பி இந்தாங்க என்று கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அப்படி எடுத்த எல்லாவற்றையும் அழித்தேன்.

என் யோசனை: பழைய தமிழ்ப் பாட்டுக்கு சிடி, டான்ஸ் மியூசிக்குக் காசு கொடுத்து வாங்கும் டவுன்லோடு. ஏனென்று அடுத்து யாராவது விளக்குவார்கள், எனக்குச் சவுண்ட் செக் இருக்கிறது.


ஸ்பெக்ட்ரம்_பார்:

நான் விளக்குகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், மன்னிக்கவும்.

ஆடியோ சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,411 கிலோபிட். எதையும் வெட்டாத ஒலி. அதை அப்படியே எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி, ஐந்து நிமிடப் பாட்டு 50 எம்பியைத் தாண்டும். அதே பாட்டு நொடிக்கு 320 கிலோபிட் எம்பி3 என்றால் 12 எம்பி, 128 என்றால் 5 எம்பிகூட வராது. 320-க்கும் சிடிக்கும் மண்டபத்தில் வித்தியாசம் தெரியுமா என்றால், தெரியாது. நானும் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை, ஜெனரேட்டர் ஓடுகிற இடத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் 128 தெரியும். ஹைஹேட், சலங்கை, ஜால்ரா எல்லாம் தண்ணீரில் ஊறவைத்த மாதிரி சளசளக்கும். வீட்டில் கேட்கும்போது மறைந்துகொள்ளும், பெரிய ஹார்னில் வெளியே வந்துவிடும்.

டிஜேவுக்கு மட்டும் இன்னொரு தொல்லை உண்டு. நாம் பாட்டைப் பாட்டாக ஓட்டுவதில்லை. 104 பிபிஎம்மை (நிமிடத்துக்கு 104 தாள அடி) 110-க்கு இழுக்கிறோம், சுருதி மாறாமல் இருக்க கீ லாக் போடுகிறோம். கீ லாக் என்பது ஒலியைத் துண்டு துண்டாக்கி மறுபடி ஒட்டுகிற வேலை. ஏற்கெனவே எம்பி3 ஆக்கும்போது பாதி தூக்கி எறியப்பட்ட ஒலியில் இதைச் செய்தால் குறை இரட்டிப்பாகும். உறையூர் நண்பர் சொன்ன கிணற்றுச் சத்தம் அநேகமாக இதுதான்.

அப்புறம், சினிமாப் பாட்டில் டிஜேவுக்கு வேண்டிய இன்ட்ரோ கிடையாது. கிளப்புக்காகச் செய்த பாட்டில் முதல் 16 பார் (ஒரு பார் என்றால் நாலு அடி) வெறும் தாளமாக விட்டிருப்பார்கள், நாம் கலந்துகொள்ளலாம். நம் பாட்டில் முதல் நொடியிலேயே புல்லாங்குழல், இல்லையென்றால் ஹம்மிங். அதனால் நாமே இடையிசையிலிருந்து எட்டு பாரை வெட்டி முன்னால் ஒட்டி எடிட் செய்கிறோம். எம்பி3-ஐத் திறந்து, எடிட் செய்து, மறுபடி எம்பி3 ஆகச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும், ஜெராக்ஸையே ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி (மாமாவுக்குப் புரியும்). சிடியிலிருந்து எடுத்த, எதையும் வெட்டாத வேவ் அல்லது ஃப்ளாக் ஃபைலை வைத்து எடிட் செய்தால் தேய்மானம் இல்லை. எனக்கு சிடி வேண்டும் என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. பெட்டியில் இருப்பதெல்லாம் ஆடியோ சிடிதானா என்று பாருங்கள். கடைக்காரர் வீட்டுச் சிடி என்றால் பாதிக்கு மேல் எம்பி3 சிடியாக இருக்க வாய்ப்பு அதிகம். "ஒரே சிடியில் 150 பாடல்கள்" என்று வருமே, கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்: ஒரு தட்டு 700 எம்பி, 150 பாட்டு என்றால் ஒன்றுக்கு 5 எம்பிக்கும் குறைவு, அதாவது 128. ஆடியோ சிடியில் அதிகபட்சம் 80 நிமிடம்தான், 15 பாட்டு வந்தாலே பெரிது. உறையில் "டிஜிட்டல் ஆடியோ" என்று எழுதிய அந்தப் பழைய சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நல்ல சிடி கிடைத்தால் விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி. இரண்டும் இலவசம். செக்யூர் மோடில் வையுங்கள், சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துத்தான் எடுக்கும். ஒரு தட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும், கீறல் இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும், அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

டவுன்லோடு செய்தவற்றை ஸ்பெக் என்கிற சின்ன மென்பொருளில் இழுத்துப் போடுங்கள். மேலே ஊதா, கீழே மஞ்சள் என்று ஒரு படம் வரும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டிய மாதிரி மேலே வெறும் கறுப்பாக இருந்தால் அது 128-இலிருந்து வந்தது, ஃபைல் பெயரில் 320 என்றோ 24 பிட் ஃப்ளாக் என்றோ எழுதியிருந்தாலும் சரி. நல்ல 320 என்றால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். பெயரை நம்பாதீர்கள், படத்தைப் பாருங்கள்.


ஊசிமுனை:

மேலே இருவரும் ரெக்கார்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிப் போனதைக் கண்டிக்கிறேன் :)

நான் ரெக்கார்டு வாங்குகிறவன், வீட்டில் ஒரு ஜோடி டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 டர்ன்டேபிள் இருக்கிறது. 1979-இல் வந்த வடிவம், 2010-இல் உற்பத்தியை நிறுத்தி 2016-இல் புது வடிவத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள், என்னுடையது நிறுத்துவதற்கு முந்தையது. அதில் கற்றுக்கொண்டால் காது வளரும் என்பது உண்மை. திரையில் கோடு பார்த்துச் சேர்ப்பதற்கு அங்கே வழியில்லை, காதால்தான் பிடிக்க வேண்டும்.

ஆனாலும் பெங்களூர் நண்பர் சொன்னதைக் கேட்டு உறையூர்த் தம்பி ரெக்கார்டில் காசு போடக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். காரணங்கள் வேறு. டான்ஸுக்கென்று வருகிற 12 இன்ச் ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று வேகம், பள்ளம் அகலமாக இருக்கும், பாஸ் நெஞ்சில் இடிக்கும். நம் சினிமா எல்பி அப்படியல்ல. ஒரு பக்கத்தில் மூன்று நாலு பாட்டை நெருக்கி அடைத்திருப்பார்கள், சத்தம் குறைவு, உள்பக்கம் போகப்போக, அதாவது லேபிளுக்குப் பக்கத்தில் இருக்கிற கடைசிப் பாட்டில், 'ஸ', 'ச' எல்லாம் கீச்சிடும். அது அமைதியாக உட்கார்ந்து கேட்பதற்கான பொருள். ஒரு தடவை ஆசைப்பட்டு நண்பன் தங்கை ரிசப்ஷனுக்கு டர்ன்டேபிளைத் தூக்கிக்கொண்டு போனேன். பலகை அடித்த மேடை. சின்னப் பையன்கள் நாலு பேர் ஏறிக் குதித்தார்கள், ஊசியும் கூடவே குதித்தது. ஊசியைப் பிடித்து வைத்தால் சப்வூஃபர் அதிர்வு தட்டிலேயே ஏறி ஊஊம் என்று ஊளையிட ஆரம்பித்தது. செங்கல் கொண்டுவந்து அடியில் வைத்தோம், செங்கலும் ஆடியது. கடைசியில் வேறொருவரின் லேப்டாப்பில்தான் நிகழ்ச்சி முடிந்தது.

விலையும் பாருங்கள். இப்போது புதிய ரெக்கார்டு ஒன்று வாங்கவே உங்கள் ஒரு மாத ஒதுக்கீடு போதாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்கமும் தனி, வெயிலில் குடோனில் கிடந்தால் அப்பளம் மாதிரி வளைந்து வரும்.

ஒரு விஷயம் மட்டும் ரெக்கார்டில் கற்றுக்கொண்டேன், அது சிடிக்கும் டவுன்லோடுக்கும் பொருந்தும். 80களின் பாட்டு மனிதர்கள் உட்கார்ந்து வாசித்தது. பல்லவியில் 118 என்றால் சரணத்தில் 121 ஆகும், திரும்பப் பல்லவிக்கு வரும்போது 119. மென்பொருள் சம இடைவெளியில் போடுகிற தாளக் கோடுகள், அதாவது கிரிட், அதற்கு ஒத்துவராது. ரெக்கார்ட்பாக்ஸில் அனலைஸ் செய்யும்போது டைனமிக் என்று தேர்ந்தெடுங்கள், அல்லது வேகத்தைத் தானாகச் சேர்க்கிற சிங்க்கை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டுங்கள். நிறையப் பேர் ஃபைல் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஃபைல் நன்றாகத்தான் இருக்கும்.

அந்தக் கால சிடிகளைப் பற்றியும் ஒன்று. ஓரியண்டல், பிரமிட் மாதிரி பழைய நிறுவனங்கள் போட்ட சிடி அந்தப் பெட்டியில் இருந்தால் தயவுசெய்து காபி தம்ளர் வைக்காதீர்கள். சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். பிற்காலத்தில் ரீமாஸ்டர் என்று வந்தவற்றில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, மிருதங்கத்தின் அடியும் வயலினும் ஒரே உயரத்தில் நிற்கும்படி நசுக்கியது நிறைய. ஆப்பில் கேட்பது பெரும்பாலும் எந்த வடிவம் என்று நமக்குத் தெரிவதேயில்லை. பழைய சிடி சத்தம் குறைவாக இருக்கும், பயப்பட வேண்டாம், மிக்சரில் டிரிம் குமிழ் அதற்குத்தான்.


உறையூர்_பீட்ஸ்:

நன்றி நன்றி. பெட்டிகளை எடுத்து வந்துவிட்டேன். 800 ரூபாய்க்கு யுஎஸ்பி சிடி டிரைவும் வாங்கினேன்.

ஸ்பெக்ட்ரம் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. மூன்று பெட்டியில் இரண்டு பெட்டி எம்பி3 சிடி, மார்க்கரில் "சோகப் பாடல் 2", "குத்து மிக்ஸ் புதுசு" என்று மாமாவின் கையெழுத்து. அதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டேன். மூன்றாவது பெட்டியில் உறையோடு 64 ஆடியோ சிடி. அதில் ஒன்பது ஊசிமுனை அண்ணன் சொன்ன வகை, மாமாவிடம் விலையைச் சொன்னதும் "அப்படியா, கொஞ்சம் கொடு பார்க்கலாம்" என்று கையை நீட்டுகிறார், கொடுக்கவில்லை.

ஒரு கூத்தும் நடந்தது. முதல் நாள் அவசரத்தில் மென்பொருள் எதுவும் போடாமல், சிடியைத் திறந்தேன், டிராக்01, டிராக்02 என்று அழகாக வரிசையாக இருந்தது. எல்லாவற்றையும் காப்பி செய்து பென்டிரைவில் போட்டேன். இருபது சிடி அரை மணி நேரத்தில் முடிந்தது, இதற்குப் போய் இவ்வளவு பேசினார்களே என்று நினைத்தேன். மறுநாள் ஒரு சீமந்த விழா. அங்கே போய்த் திறந்தால் ஒன்றும் லோடு ஆகவில்லை. எல்லா ஃபைலும் 1 கேபி. பழைய பென்டிரைவை வைத்து ஓட்டிவிட்டேன். அது ஏன்?


ஸ்பெக்ட்ரம்_பார்:

சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லோரும் ஒரு தடவை செய்ததுதான். அது .சிடிஏ ஃபைல். சரியாக 44 பைட். அதில் பாட்டு கிடையாது, இந்தப் பாட்டு தட்டில் இந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்கிற முகவரி மட்டும் இருக்கும். வீட்டை விட்டுவிட்டு முகவரிச் சீட்டை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போயிருக்கிறீர்கள். நான் சொன்ன மென்பொருளில்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த நிகழ்ச்சியில் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் கன்ட்ரோலர் லேப்டாப்போடு ஓடுவதால் எந்த வடிவமும் பிரச்சினையில்லை. நாளைக்கு ஏதாவது ஹோட்டலில் அவர்கள் வைத்திருக்கிற சிடிஜேவில் பென்டிரைவைச் சொருக வேண்டி வந்தால் ஃப்ளாக் எல்லா மாடலிலும் ஓடாது, 2016-இல் வந்த சிடிஜே-2000 நெக்ஸஸ் 2-இலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பழைய மாடலில் திரையில் ஈ-8305 என்று வரும், அதற்கு அர்த்தம் "இந்த ஃபைல் எனக்குப் புரியவில்லை". 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் போட்டாலும் பழசு அதையேதான் சொல்லும். எனவே மூலத்தை ஃப்ளாக்காக வீட்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், மேடைக்கு 44.1-இல் ஏஐஎஃப்எஃப் (இதுவும் எதையும் வெட்டாத வடிவம்தான்) அல்லது 320 எம்பி3 எடுத்துப் போங்கள். வேவ் வேண்டாம், பாடகர், படம், பிபிஎம் எல்லாம் அதில் ஒழுங்காக ஒட்டாது, திரையில் வெறும் ஃபைல் பெயர்தான் தெரியும். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்யுங்கள், என்டிஎஃப்எஸ் என்றால் சிடிஜே திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டு பென்டிரைவ், ஒன்று பாக்கெட்டில்.


ஸ்கார்பரோ_சவுண்ட்:

டொரோண்டோவிலிருந்து எழுதுகிறேன், இங்கேயும் எங்கட கல்யாண ஹோல்களில் இதே கதைதான். தமிழ்ப் பாட்டு பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், ஹவுஸ், ஆஃப்ரோ பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதற்கு சிடியைத் தேட வேண்டாம், அந்த இசையில் பெரும்பகுதி சிடியாக வருவதே இல்லை. பீட்போர்ட் என்கிற இணையக் கடை 2004-இலிருந்தே டிஜேக்களுக்காக இருக்கிறது. ஒரு பாட்டாக வாங்கலாம், சாதாரண விலைக்கு 320 எம்பி3, கொஞ்சம் கூடக் கொடுத்தால் வேவ், ஏஐஎஃப்எஃப். நான் 320-ஓடு நிறுத்திவிடுவேன். பேண்ட்கேம்ப் என்கிற தளத்தில் ஒரே விலைக்கு எந்த வடிவம் வேண்டுமோ அதை எடுக்கலாம், எம்பி3-உம் ஃப்ளாக்கும் இரண்டும்கூட எடுக்கலாம், ஃபைல் தொலைந்தால் கணக்குக்குள் போய்த் திரும்ப எடுக்கலாம். அங்கே விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், மிச்சத்தில் பணப் பரிமாற்றக் கட்டணம் போக இசைக் கலைஞருக்குப் போகும். 2020 மார்ச்சில் தொடங்கி, சில மாதங்களில் முதல் வெள்ளிக்கிழமை அந்த 15-ஐயும் விட்டுக்கொடுக்கிறார்கள், நான் மாதம் முழுக்க விஷ்லிஸ்டில் போட்டுவைத்து அன்றைக்கு வாங்குவேன். தமிழில் தனியாக இசை செய்கிற பிள்ளைகள் சிலரும் அங்கே இருக்கிறார்கள், ரெக்கார்டு வாங்கினால் பெரும்பாலும் கூடவே ஃபைலும் தருவார்கள்.

புதுத் தமிழ்ப் பாட்டுக்கு ஐடியூன்ஸ் ஸ்டோரைப் பாருங்கோ. சந்தா அல்ல, கடை. 256 கிலோபிட் ஏஏசி (எம்பி3 மாதிரி சுருக்கிய வடிவம்) தருகிறது, 2009-லேயே பூட்டை எடுத்துவிட்டார்கள், வாங்கினால் உங்கட ஃபைல், மென்பொருளில் நேரே திறக்கும். ஸ்பெக்கில் போட்டுப் பார்த்தேன், சுத்தம்.

மாதம் 2,000 என்றால் ஒரேயடியாக ஐம்பது பாட்டு வாங்கிக் குவிக்க வேண்டாம். பத்து வாங்குங்கோ, பத்தையும் மனப்பாடமாகக் கேளுங்கோ. நாலாயிரம் பாட்டு வைத்துக்கொண்டு ஒன்றின் இடையிசையும் தெரியாமல் நிற்கிறவர்களை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கிறேன்.


காசு_கேட்கும்_காது:

எல்லாம் சரி, காசு கொடுத்து வாங்கிவிட்டால் பொது இடத்தில் போடும் உரிமையும் வந்துவிடுகிறதா? போன டிசம்பர் 31-க்கு ஒரு ரிசார்ட்டில் லைசென்ஸ் எங்கே என்று கேட்டு ஆள் வந்துவிட்டார்கள்.


பந்தல்_டிஜே:

வராது. சிடியோ டவுன்லோடோ, நீ வாங்குவது கேட்பதற்கு. கூட்டத்துக்குப் போட பிபிஎல், ஐபிஆர்எஸ் மாதிரி இசை உரிமை அமைப்புகளிடம் தனி லைசென்ஸ், அதை நிகழ்ச்சி நடத்துகிறவர் எடுக்க வேண்டும், ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள். கல்யாணத்துக்கு மட்டும் காப்புரிமைச் சட்டம் 52(1)(இசட்ஏ) பிரிவில் விலக்கு இருக்கிறது, கல்யாண ஊர்வலம், கல்யாணத்தையொட்டிய விழாவெல்லாம் அதில் வரும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் எந்த விழா வரை அது நீளும் என்று கோர்ட்டில் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, ஹோட்டல்காரர் கேட்டால் அவரிடம் வாதாடாமல் வீட்டுக்காரரைப் பேசச் சொல். நியூ இயருக்கு விலக்கு கிடையாது.


உறையூர்_பீட்ஸ்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். 64-இல் 61 எடுத்துவிட்டேன். நேற்று சித்தி மகள் ரிசப்ஷனில் அதிலிருந்து பதினைந்து பாட்டுப் போட்டேன். ஒன்றில் தவில் மாதிரி ஒரு அடி முதலில் வருமே, பழைய பென்டிரைவில் அது டப்பென்று மட்டும் கேட்கும், நேற்று தரையில் கேட்டது. மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து கன்சோல் பக்கம் வந்து, "இது என் கடைச் சிடிதானே" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

மீதி மூன்றும் பாதியில் நிற்கிறது. ஒன்றில் நாலாவது பாட்டு 2:14-இல் டிக் டிக் என்று வருகிறது, இரண்டு மணி நேரம் ஓடியும் சரியாகவில்லை. பற்பசை தேய்த்தால் போகும் என்று யூடியூபில் சொல்கிறார்கள், செய்யலாமா?


பந்தல்_டிஜே:

முதலில் பற்பசையைக் கீழே வை. மெல்லிய துணியை லேசாக நனைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடை, வட்டமாகச் சுற்றித் துடைக்காதே. வட்டமாகக் கீறல் விழுந்தால் பாட்டு ஓடுகிற வழியிலேயே நீளமாக விழும், அதை எந்த மெஷினும் சரிசெய்யாது, குறுக்கே விழுந்தால் சமாளித்துவிடும். அப்புறம் தட்டைத் தூக்கி லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார். எழுத்து இருக்கிற பக்கத்தில் ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சே போய்விட்டது, விட்டுவிடு. தெரியவில்லையென்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பார், பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கிற யாரையாவது பிடி, அந்தக் கால டிரைவ்கள் இந்த 800 ரூபாய் டிரைவைவிட நன்றாகப் படிக்கும். எதுவும் நடக்கவில்லையென்றால் தபாலில் அனுப்பு, என்னிடம் பழைய டிரைவ் ஒன்று இருக்கிறது.